குறிப்புத் தாளில் சார்பு எங்கே இருக்கிறது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். பாடநூலில் இருப்பது போதாது என்று சொல்லி, அவளுடைய வரலாற்று ஆசிரியர் 1930களின் சோவியத் ஒன்றியத்தைப் பற்றித் தாமே தொகுத்த ஆறு பக்கக் குறிப்புத் தாள்களை வகுப்பில் கொடுத்திருக்கிறார். அந்த ஆட்சியின் சாதனைகளைத் தவிர அவற்றில் வேறெதுவும் இல்லை. அவருடைய அரசியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆட்சேபத்துக்குரிய இடங்களைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறேன். மாற்றாக நான் எழுதிய இரண்டு பக்கத் தாளையும் இணைத்திருக்கிறேன். பாடநூலுக்கு வெளியே எதையும் வகுப்பில் கொடுக்கக் கூடாது என்றும், அந்த ஆசிரியரை இந்த வகுப்பிலிருந்து மாற்ற வேண்டும் என்றும் பெற்றோர் சிலர் சேர்ந்து மனு கொடுக்கவிருக்கிறோம். நீங்கள் ஆதரிப்பீர்களா?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை

பதில்: ஆறு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். சார்பு இருக்கிறது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் மனுவை நான் ஆதரிக்க மாட்டேன். நீங்கள் சிவப்பு மையால் தொட்ட இடங்களையும் தொடாமல் விட்ட இடங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அதற்கான காரணம் விளங்கும்.

நீங்கள் அடிக்கோடிட்டவை பெரும்பாலும் 'மகத்தான', 'வீறுகொண்ட', 'வரலாறு காணாத' போன்ற அடைமொழிகள். இவை தேவையற்றவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், அடைமொழியைக் கண்டுபிடிக்கும் திறன் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு உண்டு. ஆசிரியருக்கு இதில் ஈடுபாடு அதிகம் என்று அவள் புரிந்துகொண்டு கடந்துவிடுவாள். அவளால் கண்டுபிடிக்க முடியாதது, மூன்றாம் பக்கம் 1932ஆம் ஆண்டில் முடிந்து நான்காம் பக்கம் 1935இல் தொடங்குவதுதான். 1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது, மாக்னிடோகோர்ஸ்க் எஃகு ஆலையின் முதல் ஊதுலை 1932இல் மூட்டப்பட்டது, அதே ஆண்டில் தினீப்பர் ஆற்று நீர்மின் நிலையம் திறக்கப்பட்டது என்று அந்தப் பக்கம் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் உண்மை. அதே 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கூட்டுப்பண்ணையின் விளைச்சலைத் திருடினால் மரண தண்டனை வரை விதிக்க வழிசெய்த ஆணை வெளியானதும், 1932–33இல் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பஞ்சம் முற்றிய பிறகும் தானிய ஏற்றுமதி நிற்காததும், பட்டினியால் ஊரைவிட்டு வெளியேற முயன்ற உக்ரைன் விவசாயிகளைத் தடுத்து நிறுத்தும்படி 1933 ஜனவரியில் உத்தரவு போனதும் உண்மைதான். இவற்றில் ஒரு வரிகூட ஆறு பக்கங்களில் இல்லை. இல்லாத வரிக்கு அடிக்கோடிட முடியாது என்பதால் அது உங்கள் கண்ணிலும் படவில்லை.

இரண்டாவது, ஐந்தாம் பக்கத்தில் உள்ள எழுத்தறிவுப் புள்ளிவிவரம். 9 முதல் 49 வயது வரையிலானவர்களில் 1897இல் சுமார் 28 விழுக்காட்டினருக்கும், 1939இல் சுமார் 87 விழுக்காட்டினருக்கும் எழுத்தறிவு இருந்ததாக அங்கே அச்சிடப்பட்டிருக்கிறது. எண்களை நீங்கள் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. எழுத்தறிவு பெருமளவில் உயர்ந்ததென்பது அந்த ஆட்சியைக் கடுமையாக விமர்சிப்பவர்களும் ஏற்கும் செய்தி. ஆனால் எண்ணுக்குக் கீழே, அது 1939ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்ற ஒரு வரி இருந்திருந்தால், கூர்மையான ஒரு மாணவி அதற்கு முந்தைய கணக்கெடுப்பு எப்போது நடந்தது என்று கேட்டிருப்பாள். 1937 ஜனவரியில் நடந்தது. 1934இல் கட்சி மாநாட்டில் 16 கோடியே 80 இலட்சம் என்று அறிவிக்கப்பட்டிருந்த மக்கள்தொகை, மூன்று ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 16 கோடியே 20 இலட்சமாக இருந்தது. பஞ்சம் விழுங்கிய உயிர்களின் சுவடு அந்தக் கணக்கில் இருந்தது. அரசு அந்தக் கணக்கெடுப்பையே செல்லாது என்று அறிவித்தது. அதை நடத்திய புள்ளியியல் அதிகாரிகள் கைது செய்யப்பட்டார்கள், சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூலத்தைக் குறிப்பிடாத ஓர் எண் எவ்வளவு பெரிய கதையை மறைக்கக்கூடும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

ஆறாம் பக்கத்தில் உள்ள புகைப்படத்தை நீங்கள் கடந்து போய்விட்டதில் எனக்கு வருத்தம். மாஸ்கோ–வோல்கா கால்வாயோரம் ஸ்டாலின் நிற்கும் படம் அது. அவருக்கு ஒரு பக்கத்தில் நீர் மட்டுமே தெரிகிறது. மூலப் படத்தில் அந்த இடத்தில் இரகசியக் காவல் துறைக்குத் தலைமை தாங்கிய உள்நாட்டு விவகார ஆணையர் நிக்கோலாய் யெஷோவ் நிற்கிறார். 1937, 1938ஆம் ஆண்டுகளில் அந்தக் காவல் துறையின் சொந்தப் பதிவுகளின்படியே சுமார் 6,80,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை மேற்பார்வையிட்ட அவரும் 1940இல் கொல்லப்பட்டார். பிறகு படத்திலிருந்தும் அழிக்கப்பட்டார். ஆசிரியர் தெரிந்தே திருத்தப்பட்ட படத்தைப் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. தேடியபோது கிடைத்ததைப் போட்டிருக்கலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருந்தால், அந்த ஆறு தாள்களிலும் சிறந்த பாடம் அதுவாகவே இருந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது கடைசியில் உள்ள வீட்டுப்பாட வினா: 'சோவியத் தொழில்வளர்ச்சி மக்களின் வாழ்வை உயர்த்திய ஐந்து வழிகளை எழுதுக.' உயர்த்தியதா, யாருடைய வாழ்வை உயர்த்தியது, யாருடையதைச் சிதைத்தது என்று கேட்க அந்த வினா இடம் தரவில்லை. விடையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான் மதிப்பெண். தாளில் உள்ள சார்பை மாணவி படிக்காமல் விட்டுவிடலாம். மதிப்பெண்ணோடு கட்டப்பட்ட சார்பை அவள் தன் கையாலேயே எழுதியாக வேண்டும்.

இனி நீங்கள் எழுதிய மாற்றுத் தாளுக்கு வருகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை: அதுவும் அதே முறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பஞ்சச் சாவுகளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் ஒற்றை எண், ஆய்வாளர்கள் சொல்லும் மதிப்பீடுகளில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அது யாருடைய மதிப்பீடு என்பதைச் சொல்லவில்லை. 'திட்டமிட்ட இனப்படுகொலை' என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிட்டீர்கள். பஞ்சம் நடந்ததா என்பதில் இரண்டு தரப்புகள் இல்லை. 1980களின் இறுதிவரை சோவியத் அரசு அதை மறைத்துவந்தது, மறைத்ததும் இன்று ஆவணங்களால் உறுதியாகிவிட்டது. அது உக்ரைனியர்களை அழிக்கும் நோக்கத்தோடு நடத்தப்பட்டதா, இரக்கமற்ற கொள்கையின் விளைவா என்பதில் அந்த ஆவணங்களைப் படித்த வரலாற்றறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நடந்தது எது, வாதத்துக்குரியது எது என்ற இந்த வேறுபாட்டைத்தான் வகுப்பறை கற்றுத்தர வேண்டும். ஆசிரியர் முதலாவதை மறைத்தார், நீங்கள் இரண்டாவதை மறைத்திருக்கிறீர்கள். அதே பஞ்சத்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரை இழந்த கசாக்ஸ்தான் உங்கள் தாளிலும் இல்லை. உங்கள் தாள் 1945 வரை செல்கிறது. நாஜிப் படையை முறியடிக்கும் போரில் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் சோவியத் மக்கள் இறந்ததற்கு அங்கே ஒரு வரி இல்லை. உங்கள் தாளின் கருத்தோடு ஒத்துப்போகும் ஆசிரியர் ஒருவர் அதை வகுப்பில் கொடுத்திருந்தால், இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருப்பீர்களா? பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். மனுவில் கையெழுத்திடும் முன் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பாடநூலுக்கு வெளியே எதுவும் கூடாது என்ற கோரிக்கை, பாடநூல் சார்பற்றது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஜப்பானிய வரலாற்றறிஞர் இயெனாகா சபுரோ, தம்முடைய பாடநூலில் கல்வி அமைச்சகம் கட்டாயப்படுத்திய திருத்தங்களை எதிர்த்து 1965இல் தொடுத்த வழக்குகள் 1997 வரை நீண்டன. பாடநூலைத் தணிக்கை செய்யும் முறை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மனிதர்கள்மீது சோதனைகள் நடத்திய 731ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. பாடநூலில் ஒரு வரி விடுபட்டால் அது ஒரு வகுப்புக்கு மட்டுமன்றி ஒரு தலைமுறைக்கே விடுபடும். அந்த இடத்தை நிரப்பும் வாய்ப்பு ஆசிரியர் கொண்டுவரும் தாளுக்குத்தான் இருக்கிறது. அந்த வாயிலை மூடச் சொல்வது உங்கள் மகளுக்கு நன்மை செய்வதாகாது.

ஆசிரியரை மாற்றும் கோரிக்கையும் அப்படித்தான். அவருக்கு ஓர் அரசியல் கருத்து இருப்பது குற்றமன்று. அது வகுப்பறையில் எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதை மற்றவர்கள் ஏற்கெனவே யோசித்திருக்கிறார்கள். 1976இல் மேற்கு ஜெர்மனியின் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில், அரசியலில் எதிரெதிர் அணிகளில் நின்ற கல்வியாளர்கள் கூடி விவாதித்ததிலிருந்து உருவான இணக்கம் இன்றும் அந்நாட்டு ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகிறது. மாணவர் தாமே முடிவெடுக்க முடியாதபடி அவரைத் திணறடிக்கக் கூடாது. அறிஞர் உலகிலும் அரசியலிலும் சர்ச்சைக்குரியதாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே தோன்ற வேண்டும். தன் நிலையைத் தானே ஆராயும் திறனை மாணவர் பெற வேண்டும் என்பவை அதன் கூறுகள். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் ஒருசார்பான பரப்புரையைத் தடை செய்து, எதிர்க் கருத்துகளைச் சமநிலையோடு முன்வைக்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ், அரசு பள்ளிகளுக்கு அனுப்பிய பருவநிலை மாற்றம் பற்றிய ஆவணப்படம் ஒன்றின்மீது 2007இல் வழக்கு வந்தபோது, நீதிபதி ஒன்பது இடங்களில் குறை கண்டும் படத்தைத் தடை செய்யவில்லை. அந்தக் குறைகளை எடுத்துச் சொல்லும் வழிகாட்டுக் குறிப்போடு காட்டலாம் என்றார். குறையுள்ள தாளுக்கும் இதுவே முறை: தாளை அகற்றுவதைவிட, அதனோடு இன்னொரு தாளைச் சேர்ப்பது.

எந்தத் தாளைச் சேர்ப்பது என்று கேட்டால், என்னிடம் ஒரு யோசனை உண்டு. 1933 மார்ச் இறுதியில், உக்ரைன் கிராமங்களில் நடந்து திரும்பிய வேல்ஸ் நாட்டு இளம் செய்தியாளர் கேரத் ஜோன்ஸ், அங்கே மக்கள் ரொட்டியின்றிச் சாவதாக அறிவித்தார். இரண்டு நாள்களில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் மாஸ்கோ செய்தியாளரான, புலிட்சர் பரிசு பெற்ற வால்டர் டுராண்டி அந்த இதழில் அதை மறுத்து எழுதினார். ஒரே வாரம், ஒரே நிகழ்வு, இரண்டு செய்தியாளர்கள். யார் எங்கே போய்ப் பார்த்தார், யாருக்கு மாஸ்கோவில் தொடர்ந்து இருப்பதற்கு அனுமதி தேவைப்பட்டது, யாருடைய சொல்லைப் பிற்கால ஆவணங்கள் உறுதிப்படுத்தின என்று கேட்கும் ஒரு வினாவை, அந்த 'ஐந்து வழிகள்' வினா இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே தலைமையாசிரியருக்கு மனு எழுதும் முன், அந்த ஆசிரியரை நேரில் சந்தியுங்கள். 1932க்கும் 1935க்கும் நடுவே உள்ள இடைவெளி, மூலம் குறிப்பிடாத எண், திருத்தப்பட்ட புகைப்படம், விடையை முன்னமே தீர்மானித்த வினா ஆகிய நான்கையும் பக்க எண்ணோடு எழுதி அவரிடம் கொடுத்து, அடுத்த தாளில் சரிசெய்யும்படி கேளுங்கள். அவர் காரணமின்றி மறுத்தால், அந்த நான்கு குறைகளை மட்டுமே சொல்லும் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அவருடைய கட்சி எது என்ற பேச்சு அதில் வேண்டாம். உங்கள் இரண்டு பக்கங்களையும் கொண்டுபோகலாம். அந்த ஒற்றை எண்ணுக்குக் கீழே அது யாருடைய மதிப்பீடு என்பதை எழுதிச் சேர்த்த பிறகு.