ஆறிப்போன ஹீட்டர்: பழைய கார்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இவ்வளவுதான் எழுதுவீர்கள் என்றால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். காற்றே வரவில்லையா, வந்தும் சூடில்லையா? டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது? முதலில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் அளவைப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அளவு சரி என்றால் கீழே உள்ளவற்றையும் படியுங்கள்.

கேள்வி: ஹீட்டர் ஃபேன் 4-ஆம் வேகத்தில், அதாவது முழு வேகத்தில் மட்டும் சுற்றுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: இல்லை. ஃபேனின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் புளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். அதன் கனெக்டர் கருகியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: முள் நடுவில் நிற்கிறது, உள்ளே வருவதோ குளிர்ந்த காற்று. ஹீட்டர் கோரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். கோர் என்பது சூடான கூலன்ட் ஓடி உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர். பல வண்டிகளில் அதை மாற்ற டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். பொருளைவிடக் கூலிதான் அதிகம். இன்ஜின் சூடானதும் வண்டியை அணைத்துவிட்டு, ஹீட்டருக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் கூலன்ட் நன்றாக ஓடுகிறது. காற்றைத் திருப்பிவிடும் பிளெண்ட் டோரையோ அதன் கேபிளையோ பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்திருக்கிறது. அடைப்பு என்றால் இரண்டு ஹோஸையும் கழற்றி, எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மெதுவாக விட்டால் போதும். கம்ப்ரசர் காற்றை அடித்தால் பழைய கோர் பிய்த்துக்கொள்ளும்.

கேள்வி: வண்டி ஒருமுறை ஓவர்ஹீட் ஆனது. பழைய வண்டிக்குத் தேவையில்லை என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். இப்போது ஹீட்டர் மந்தம், மைலேஜும் குறைவு.

பதில்: இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவது வைத்தியம் அல்ல, நோயை மறைப்பது. அது மூடியிருக்கும்வரை கூலன்ட் இன்ஜினையும் ஹீட்டரையும் மட்டுமே சுற்றி வரும். 80-90 டிகிரி வந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதை எடுத்துவிட்டால் வண்டியைக் கிளப்பிய நிமிடத்திலிருந்தே சூடெல்லாம் ரேடியேட்டரில் வீணாகிறது. அப்புறம் ஹீட்டர் எப்படிச் சுடும்? ஆறிய இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், அதில் கொஞ்சம் ஆயிலில் கலக்கும், ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாது, தேய்மானம் கூடும். இன்னொரு வேடிக்கை: சில இன்ஜின்களில், கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்கே திருப்பும் பைபாஸ் வழியை, சூடானதும் அடைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அவற்றில் அதை எடுத்தால், ரேடியேட்டருக்குப் போக வேண்டிய கூலன்ட் பைபாஸில் ஓடி, வண்டி முன்பைவிட அதிகமாகச் சுடும்!

வண்டிக்கு உரிய டிகிரியில் புதிய தெர்மோஸ்டாட் போடுங்கள். ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கட்டும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். அதோடு விடாதீர்கள். அன்றைக்கு ஏன் ஓவர்ஹீட் ஆனது? ரேடியேட்டர் அடைப்பா, ரேடியேட்டர் ஃபேனா, வாட்டர் பம்பா? அதை யாரும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லையே.

கேள்வி: ஓடும்போது சூடான காற்று, சிக்னலில் நின்றால் குளிர்ந்த காற்று. ஏன்?

பதில்: பெரும்பாலும் கூலன்ட் குறைவு, இல்லையென்றால் ஏர்லாக், அதாவது கூலன்ட் ஓடும் வழியில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மேனுவலில் சொன்னபடி அந்தக் காற்றை வெளியேற்றுங்கள். மூடியைத் திறப்பது இன்ஜின் ஆறிய பிறகுதான், மறுபடியும் சொல்கிறேன். அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் கசிவைத் தேடுங்கள். கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி, காருக்குள் இனிப்பு வாசனை, கார்ப்பெட் ஈரம். கசிவை அடைக்கும் மருந்து ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். கோரின் மெல்லிய குழாய்களைத்தான் அது முதலில் அடைக்கும். கோர் ஓட்டையாகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். அதுவரை இரண்டு ஹோஸையும் இணைத்துக் கோரை ஒதுக்கிவிட்டு ஓட்டலாம். ஹீட்டர் இருக்காது, அவ்வளவுதான். சிந்திய கூலன்டைத் துடைத்துவிடுங்கள். தித்திப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய் பூனைகளும் கிட்டே போகக் கூடாது.

கேள்வி: கூலன்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

பதில்: போதாது. துரு பிடிக்கும், உப்பு படியும். தண்ணீர் கலக்காத கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி.