கிணற்றுக் கல்லில் கிடைத்தது ஸ்பெர்ரிலைட்டா? தராசே சொல்லிவிடும்

கேள்வி: கொட்டாம்பட்டி அருகே எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினோம். அள்ளிப்போட்ட கல்லில் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் ஒரு கட்டி கிடைத்தது. எடை 7 கிராம். பார்த்த ஒருவர், ‘இது ஸ்பெர்ரிலைட், பிளாட்டினம் தாது. 20,000 ரூபாய் கொடுத்தால் உருக்கிப் பிளாட்டினத்தைப் பிரித்துத் தருகிறேன்’ என்கிறார். நம் பக்கம் இது கிடைக்குமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு. அதற்கு முன் ஒன்று: அந்தக் கட்டியை யாரிடமும் உருக்கக் கொடுக்காதீர்கள், நீங்களும் அடுப்பில் காட்டிப் பார்க்காதீர்கள். ஏமாந்துபோவீர்கள் என்பது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம்.

ஸ்பெர்ரிலைட்டில் ஒரு பிளாட்டினம் அணுவுக்கு இரண்டு ஆர்சனிக் அணுக்கள். எடைக்கணக்கில் 56.6 சதவீதம் பிளாட்டினம், மீதி 43.4 சதவீதம் ஆர்சனிக். காற்றில் சூடேற்றினால் ஆர்சனிக் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகை படிந்தால் கிடைக்கும் வெள்ளைத் தூள்தான் நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்கிற சரக்கு. உங்கள் 7 கிராம் முழுக்க ஸ்பெர்ரிலைட்டாகவே இருந்தால் அதிலிருந்து ஏறக்குறைய 4 கிராம் பாஷாணம் வரும். ஒரு ஆளைக் கொல்ல 0.1 முதல் 0.2 கிராம் போதும். ஸ்பெர்ரிலைட்டாக இல்லாமல், அதைவிடப் பல மடங்கு சாதாரணமான ஆர்சனோபைரைட்டாக (இரும்பு, ஆர்சனிக், கந்தகம் சேர்ந்த கனிமம்) இருந்தாலும் கணக்கு மாறாது. அதிலும் 46 சதவீதம் ஆர்சனிக். பாஷாணம் 4 கிராமுக்குக் கொஞ்சம் கூடவே வரும். மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) வைத்து ஊதும்போது பூண்டு வாடை அடித்தால் புகை ஏற்கெனவே மூக்குக்குள் போய்விட்டது என்று பொருள்.

இனி சோதனைக்கு வருவோம். இந்தக் கனிமத்தைக் காட்டிக்கொடுப்பது நிறமல்ல, கனம். ஸ்பெர்ரிலைட்டின் ஒப்படர்த்தி 10.6, அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிடப் பத்தரை மடங்குக்கும் மேல் கனம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் 5, காந்தக்கல்லான மேக்னடைட் 5.2, ஆர்சனோபைரைட் 6.1, ஈயத் தாதுவான கலீனா 7.5. இடைவெளி பெரிதாக இருப்பதால் நகைக்கடைத் தராசு ஒன்றே போதும். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். கட்டியை மெல்லிய நைலான் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி பிடியுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. கை ஆடும் என்பதால் நூலைக் குறுக்கே வைத்த ஒரு குச்சியில் கட்டிவிடுவது நல்லது; குச்சி டம்ளரில் தாங்காமல், தராசுக்கு வெளியே இரண்டு பக்கமும் அடுக்கிய புத்தகங்கள் மேல் தாங்க வேண்டும். இப்போது தராசு காட்டுவது கட்டி விலக்கிய தண்ணீரின் எடை, அதாவது கட்டியின் பருமன். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி.

7.00 கிராம் கட்டிக்குத் தராசு 0.66 காட்டினால் ஸ்பெர்ரிலைட் என்று யோசிக்கவே இடமுண்டு. 0.93 என்றால் கலீனா, 1.15 என்றால் ஆர்சனோபைரைட், 1.35 முதல் 1.40 வரை வந்தால் மேக்னடைட் அல்லது பைரைட். 5, 6 கிராம் என்று திடீரென ஏறினால் கட்டி அடியில் தட்டிவிட்டது.

இதில் தவறு வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, காற்றுக் குமிழி. 3 மில்லிமீட்டர் குமிழி ஒன்று ஒட்டியிருந்தாலே 0.014 கூடிவிடும், நாலைந்து ஒட்டினால் 10.6 என்பது 9.7 ஆக இறங்கிவிடும். அதற்குத்தான் அந்த ஒரு சொட்டுத் திரவம். இரண்டாவது, ஒட்டியிருக்கும் வெறும் கல். கட்டியின் பருமனில் பாதி வெங்கச்சங்கல்லாக இருந்தால் அசல் ஸ்பெர்ரிலைட்டே 6.6 என்று காட்டி, ஆர்சனோபைரைட் போல வேஷம் போடும். எனவே வெள்ளைக் கல் ஒட்டியிருக்கிற துண்டில் எண் குறைந்தால் அதை முடிவாக எடுக்காதீர்கள். அதே போல அரை கிராமுக்குக் குறைந்த துணுக்கை இந்தத் தராசில் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்; பிழையே 20 சதவீதம் வரும்.

எண் 10-க்கு மேல் வந்துவிட்டதா? உடனே சந்தோஷப்பட வேண்டாம். வெள்ளி 10.5, ஈயம் 11.3. இரண்டும் மெத்து உலோகம். கட்டியின் ஓரத்தில் ஒரு துணுக்கைத் தடித்த பாலித்தீன் பைக்குள் வைத்து, பைக்கு வெளியிலிருந்து சுத்தியலால் தட்டுங்கள். வெள்ளியும் ஈயமும் தட்டையாகும். ஸ்பெர்ரிலைட் கண்ணாடி மாதிரி நொறுங்கும். உடைந்த முகம் சிப்பி போல வளைவாக இருக்கும். கலீனா என்றால் படிக்கட்டு படிக்கட்டாகச் சின்னச் சின்னப் பெட்டிகளாக உடையும். ஸ்பெர்ரிலைட் நொறுங்கிய தூளின் நிறம் கறுப்பு. பத்தரிடம் உரைகல் இருந்தால் இன்னும் சுலபம்: வெள்ளி உரசினால் வெண்மையான கோடு விழும், ஸ்பெர்ரிலைட் கோடு போடாது, கறுப்புத் தூளைத்தான் விட்டுப்போகும். கூடவே கல்லையும் கீறிவிடலாம் என்பதால் பத்தர் முகம் சுளிப்பார். ஸ்பெர்ரிலைட்டின் கடினத்தன்மை, 10 வரையுள்ள மோஸ் அளவில், 6 முதல் 7. சோடா பாட்டில் கண்ணாடியைக் கீறும். காந்தத்தில் ஒட்டாது.

கிணற்று வேலை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெடி வைக்கத் துளை போடும் கம்பியின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பதித்திருப்பார்கள். அது உடைந்து கல்லோடு கல்லாகக் கிடக்கும். வெள்ளிச் சாம்பல் நிறம், கண்ணாடியைக் கீறும், கையில் வைத்தால் ‘அடேயப்பா’ என்று கனக்கும். ஒப்படர்த்தி 14-ஐத் தாண்டும். 7 கிராமுக்குத் தராசு 0.5-க்கும் கீழே காட்டும். அதில் பிணைப்புக்குக் கோபால்ட் சேர்த்திருப்பதால் வலுவான காந்தத்தில் லேசாக இழுபடும். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்த காந்தம் இதற்கு நன்றாகப் பயன்படும்.

நம் பக்கம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பெர்ரிலைட் பிறப்பது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த, பூமியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பாறைகளில். அந்தப் பாறை உருகிய குழம்பாக இருக்கையில் அதில் கந்தகச் சேர்மத் துளிகள் பிரியும்போது பிளாட்டினம் அவற்றுக்குள் ஓடிப் புகுந்துகொள்ளும். அங்கே ஆர்சனிக்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஸ்பெர்ரிலைட்டாக உறையும். அதனால்தான் அது நிக்கல், செம்பு, குரோமியம் தாதுக்களோடு சேர்ந்தே கிடைக்கிறது. கனடாவின் சட்பரி, தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு, ரஷ்யாவின் நோரில்ஸ்க் அருகே தல்னாக் ஆகியவை பேர்பெற்ற இடங்கள். முதலில் அடையாளம் கண்டது சட்பரி பகுதியின் வெர்மிலியன் சுரங்கத்தில்; பிரான்சிஸ் ஸ்பெர்ரி என்ற வேதியியலாளர் எடுத்துக் கொடுத்ததை ஹோரஸ் வெல்ஸ் 1889-இல் பகுத்தாய்ந்து அவர் பெயரையே வைத்தார். வெல்ஸ் கவனித்த ஒரு விநோதம்: இவ்வளவு கனமான இந்தத் தூள் தண்ணீரில் எளிதில் நனையாது, மேலே மிதக்கப் பார்க்கும். ஓடையில் மணல் அலசுகிறவர்கள் மேலே மிதப்பதைக் கொட்டிவிட்டால் நல்ல சரக்கும் கூடப் போய்விடும்.

இந்தியாவில் ஒடிசாவின் பவுலா-நுவாசாகியிலும், கர்நாடகத்தில் தாவணகெரே மாவட்டத்து ஹனுமலாபுராவிலும் பிளாட்டினம் குழுத் தனிமங்கள் (பிளாட்டினமும் பல்லேடியம் போன்ற அதன் உறவு உலோகங்களும்) உண்டு. தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் குரோமைட் பட்டைகளில் இவற்றைத் தேடி இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை ஆய்வு செய்திருக்கிறது. அங்கெல்லாம்கூட இவை கண்ணுக்குத் தெரியும் கட்டிகளாக இருப்பதில்லை. நுண்ணோக்கியில் மைக்ரான் கணக்கில் தேட வேண்டியவை. புஷ்வெல்டில் நல்ல பாறை என்றால் ஒரு டன்னுக்கு 4 முதல் 6 கிராம், அதுவும் குழுவிலுள்ள எல்லா உலோகங்களையும் சேர்த்து.

மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் கிரானைட்டும் வரிப்பாறையும்தான் பிரதானம். திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தில் அனார்த்தோசைட் பாறை இருக்கிறது, சித்தம்பூண்டியிலும் அதே வகை என்று சிலர் முடிச்சுப் போடுவார்கள். பாறைப் பெயர் ஒன்றாக இருப்பதால் தாது இருந்துவிடாது. உங்கள் கிணற்றில் வெள்ளையாக மினுக்கக்கூடியவை என்று பார்த்தால் முதல் சந்தேகம் காக்காப்பொன் (மைக்கா), அடுத்து சிவகங்கைப் பக்கம் தோண்டி எடுக்கிறார்களே, அந்தக் கிராஃபைட். முதலாவது நகத்தால் ஏடு ஏடாக உரியும், இரண்டாவது விரலில் கறுப்பாக ஒட்டும், இரண்டும் கனமில்லாதவை. பைரைட்டும் ஆர்சனோபைரைட்டும் அதற்குப் பிறகு.

இன்னொரு கணக்கும் உண்டு. 7 கிராம் தனி ஸ்பெர்ரிலைட் என்றால் பக்கத்துக்கு 9 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கனசதுரம். அந்த அளவுப் படிகம் அருங்காட்சியகப் பொருள். அதற்குள் இருப்பது 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான பிளாட்டினம். உருக்கித் தருகிறேன் என்கிறவருக்கு உண்மையிலேயே அது ஸ்பெர்ரிலைட் என்று தெரிந்திருந்தால் அப்படியே விலைக்குக் கேட்டிருப்பார்.

தராசுச் சோதனையும் சுத்தியல் சோதனையும் இரண்டுமே ஸ்பெர்ரிலைட் என்று சொன்னால் மட்டும் அடுத்த செலவு. பலரும் மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைப் பகுதியில் டச் (தங்கத்தின் தரம்) பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்க்கலாமே என்பார்கள். அது எக்ஸ்ஆர்எஃப் கருவிதான் (எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி விடும் கதிரின் ஆற்றலை வைத்து அடையாளம் காண்பது), ஆனால் தங்கம், வெள்ளி, செம்புக்கு அளவுதிருத்தம் செய்தது. அது காட்டும் சதவீதத்தை நம்பாதீர்கள். திரையில் வரும் வரைகோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிளாட்டினம் இருந்தால் 9.44, 11.07 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் சிகரங்கள் எழும். ஆர்சனிக் 10.54-இல் எழும். சிக்கல் என்னவென்றால் ஈயமும் 10.55-இல்தான் எழும், இரண்டையும் மெஷின் குழப்பும். துணைச் சிகரத்தைப் பாருங்கள்: 11.73 என்றால் ஆர்சனிக், 12.61 என்றால் ஈயம். 9.44-இல் ஒன்றுமே இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்பலாம்.

உறுதியான பதிலுக்கு எஸ்இஎம்-இடிஎக்ஸ் (தனிமங்களையும் அளந்து சொல்லும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) வசதியுள்ள ஆய்வகம் வேண்டும். மதுரை, காரைக்குடிப் பக்கம் பல்கலைக்கழகங்களிலும் மத்திய ஆய்வு நிறுவனங்களிலும் கட்டணத்துக்குச் செய்வார்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். அரிசி மணி அளவு துணுக்கு போதும், முழுக்கட்டியைக் கொடுக்காதீர்கள். ‘பிளாட்டினம் எத்தனை சதவீதம்’ என்று மட்டும் கேட்காமல் பிளாட்டினம், ஆர்சனிக், இரும்பு, கந்தகம், ஈயம் ஐந்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரும்பு 34, ஆர்சனிக் 46, கந்தகம் 20 என்று வந்தால் ஆர்சனோபைரைட், வழக்கு முடிந்தது.

அப்படியே ஸ்பெர்ரிலைட் என்று வந்துவிட்டால், பட்டா நிலம் என்று நினைத்து மேலும் தோண்டி விற்க முடியாது. சுரங்கம், கனிமச் சட்டத்தின் 2023 திருத்தத்தில் பிளாட்டினம் குழுத் தனிமங்கள் முக்கியக் கனிமப் பட்டியலுக்குப் போய்விட்டன, ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு. ஆட்சியர் அலுவலகத்திலுள்ள புவியியல் மற்றும் சுரங்கத்துறையில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். எந்த ஆழத்தில், எந்தப் பாறையை ஒட்டிக் கிடைத்தது என்பதை இப்போதே எழுதிவையுங்கள். கட்டி ஒட்டியிருந்த தாய்ப்பாறைத் துண்டு ஒன்றையும் சேர்த்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். நொறுக்கிய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், அந்த டம்ளரைத் திரும்ப அடுக்களைக்குள் கொண்டுபோகாதீர்கள்.