இளைக்க வைப்பதற்கு முன் குளம்பைப் பாருங்கள்

குதிரையைக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் 12 வயதுப் பெண் குதிரையை எப்படி இளைக்க வைப்பது என்று கேட்டு விரிவாக எழுதியிருக்கிறீர்கள். தடித்த பிடரி, தொங்கும் வயிறு, மரத்தைக் கடிப்பது, வட்டத்தில் ஓட்டுவது, இரண்டு நாள் பட்டினி போடும் யோசனை, தைராய்டு மாத்திரை என்று எல்லாம் வருகிறது. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: "ஒரு வாரமாகக் கெட்டித் தரையில் திரும்பும்போது தயங்கித் தயங்கிக் கால் வைக்கிறது, சோம்பல் போல." எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். பருத்த உடல், விறைத்த பிடரி, கெட்டித் தரையில் தயக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை லேமினைட்டிஸ் (குளம்பின் உள் அடுக்குகளைத் தாக்கும் நோய்) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குளம்புக்குள் இருக்கும் எலும்பைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பவை நெருக்கமான மெல்லிய அடுக்குகள். பருத்த குதிரைகள் பலவற்றுக்கு, சர்க்கரையும் மாவும் உள்ள தீனி உள்ளே போனதும் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஏறும். அந்த இன்சுலினே இந்த அடுக்குகளை நீளவைத்துப் பிடியைத் தளர்த்திவிடும். அதன்பின் குதிரை வைக்கும் ஒவ்வோர் அடியும் எலும்பைச் சுவரிலிருந்து பிரித்து இழுக்கும். எலும்பு சாயலாம், கீழே இறங்கலாம். இந்த நிலையில் "உடற்பயிற்சி நல்லது" என்று வட்டத்தில் ஓட்டினால், தளர்ந்த இடத்தைத்தான் மேலும் கிழிக்கிறோம்.

எப்படிச் சோதிப்பது? குதிரை ஓய்வாக நிற்கும்போது, முன்காலில் குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்புறம், இருபக்கமும் விரல் நுனியை லேசாக வையுங்கள். நலமான காலில் நாடி கிடைப்பதே கஷ்டம். விரலை உதைப்பதுபோல் துடித்தால், அதுவும் இரண்டு முன்கால்களிலும் துடித்தால், மருத்துவர் அன்றைக்கே வந்து பார்க்க வேண்டும். குளம்பு சூடாக இருக்கிறதா என்பதை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நின்றாலும் சுடும். முன்கால்களை நீட்டிப் பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கிறதா, கால் மாற்றி மாற்றி ஊன்றுகிறதா என்று பாருங்கள். குளம்புச் சுவரில் உள்ள வளையங்கள் முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் இருந்தால், இது முன்பும் சத்தமில்லாமல் வந்து போயிருக்கலாம். நாடி சாதாரணமாகத் தோன்றினாலும் தயக்கம் தொடர்ந்தால் மருத்துவரைக் கூப்பிடத்தான் வேண்டும்.

அவர் வரும்வரை மேய்ச்சலுக்கு விடாதீர்கள், நடத்தவும் வேண்டாம். லாயத்தில் மரச்சீவலோ மணலோ வாசல்வரை ஆழமாகப் பரப்பி விடுங்கள். கையிருப்பில் உள்ள வலி மருந்தைக் கொடுக்காதீர்கள்: வலி மறைந்தால் குதிரை நடக்கும், நடந்தால் சேதம் கூடும். லாடம் அடிப்பவர் வருவதும் எக்ஸ்ரே எடுத்த பிறகு இருக்கட்டும்.

இனி அந்த "இரண்டு நாள் பட்டினி" யோசனை. எந்த இணையப் பக்கத்தில் படித்தீர்களோ, அதை மறந்துவிடுங்கள். பருத்த குதிரைக்கு, அதிலும் மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் சினையாக உள்ளவற்றுக்கும், திடீரென்று தீனி நின்றால் உடலில் சேர்ந்த கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலை அடைத்துவிடும். உயிரே போகலாம். தீனியைக் குறைத்த நாட்களில் குதிரை மந்தமாகி, வைத்த புல்லையும் தொடாமல் நின்றால், "பரவாயில்லை, இளைக்கும்" என்று இருந்துவிடாதீர்கள். தவிர, குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும்; நெடுநேரம் காலியாக விட்டால் புண் வரும்.

குறைப்பதற்குக் கணக்கு இருக்கிறது. நீங்கள் எழுதிய அளவுகள்: மார்புச் சுற்றளவு 180 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளம் 150 செ.மீ. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும்: ஏறக்குறைய 409. ஒரு நாளைக்கு இந்த எடையில் 1.5 சதவீதம் உலர் தீனி, அதாவது 6.1 கிலோ. காய்ந்த புல்லிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருப்பதால், தராசில் 6.8 கிலோ நிறுத்துப் போடுங்கள். கட்டுக் கணக்கு, கைக்கணக்கு எல்லாம் வேண்டாம். பருத்த குதிரை உள்ள இடங்களில் முதலில் பொய்யாவது அதுதான். இந்த அளவுக்கு ஒரே நாளில் தாவாமல் பத்து நாளில் இறங்குங்கள்.

ஓட்ஸ், பார்லி, தவிடு, வெல்லப்பாகு கலந்த தீனி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தவிடு லேசான தீனி என்பது தவறான நம்பிக்கை. அதில் மாவுச்சத்தும் உண்டு, சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். காய்ந்த புல்லை எடை போட்ட பிறகு குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்துபோகும். தாதுக்களும் கூடவே போகும் என்பதால் மாவு குறைந்த புரத-தாதுக் கலவை ஒன்று தினமும் சேர வேண்டும். வெப்ப நாளில் இரவெல்லாம் ஊறவிட்டால் புளித்துவிடும். நாலு வேளையாகப் பிரித்து, சிறுகண் வலைப்பையில் தொங்கவிடுங்கள். படுக்கைக்கு வைக்கோல் போட்டிருந்தால் மாற்றுங்கள். கணக்கில் வராமல் அதையும் தின்னும்.

வாரத்துக்கு 2 முதல் 4 கிலோ குறைந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஆள், ஒரே இடத்தில் சுற்றளவை அளக்கட்டும். ஆறு வாரமாகியும் அசையாவிட்டால், மருத்துவரைக் கேட்டு 1.25 சதவீதம்வரை இறங்கலாம். அதற்குக் கீழே நீங்களாகப் போகாதீர்கள்.

மற்றவை: வயிறு பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் புல்லும் காற்றும்தான், கொழுப்பை விலாவிலும் வால் அடியிலும் தோளுக்குப் பின்னும் தடவிப் பாருங்கள். தீனி குறைந்தால் லத்தியும் குறையும், அதில் வியப்பில்லை. மரத்தைக் கடிப்பது சலிப்பாக இருக்கலாம். பிடரி மேடு கடைசியாகத்தான் கரையும், முழுக்கக் கரையாமலும் போகலாம். பிடரியில் வியர்க்கவைக்கும் பட்டை கட்டினால் தண்ணீர்தான் போகும். தைராய்டு மாத்திரையைத் தொடாதீர்கள். வளர்ந்த குதிரைக்குத் தைராய்டு குறைபாடு மிக அரிது. மருத்துவர்கள் அதைச் சில குதிரைகளுக்கு எடை குறைக்கக் கொடுப்பதுண்டு, அளவும் காலமும் பார்த்து. கடையில் வாங்கிய மாத்திரை அதற்கானதல்ல.

வலி மருந்து இல்லாமலே குதிரை சுகமாக நடக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, மெத்தென்ற தரையில் நேர்கோட்டில் பத்து நிமிட நடையோடு தொடங்கலாம். வட்டம் கடைசியில்தான்.

மருத்துவரை அழைக்கும்போது "குண்டாக இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். "கெட்டித் தரையில் திரும்பத் தயங்குகிறது, முன்கால் நாடி இப்படி இருக்கிறது" என்று சொல்லுங்கள். இன்சுலின் பரிசோதனை கேளுங்கள். முடி உதிராமல் நீண்டிருந்தால் அதையும், அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.