சர்வர் சந்தேகங்கள்: அழித்த லாக் ஃபைல் இடத்தை விடவில்லையே?

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): எங்கள் தோல் தொழிற்சாலையின் லினக்ஸ் பில்லிங் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. 40 ஜிபி இருந்த லாக் ஃபைலை (ப்ரோகிராம் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவு) 'ஆர்எம்' கொடுத்து அழித்தேன். டிஸ்கின் மொத்தக் கணக்கைச் சொல்லும் 'டிஎஃப்' இன்னும் 100 சதவீதம் என்கிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியு' போட்டால் 9 ஜிபிதான் வருகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். 'ஆர்எம்' எடுப்பது ஃபைலின் பெயரைத்தான். அந்த ஃபைலை ஏதாவது ஒரு ப்ரோகிராம் திறந்து வைத்திருக்கும் வரை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதன் இடத்தை விடாது. பெயர் இல்லாததால் டியு கண்ணில் படவில்லை. இடம் போகாததால் டிஎஃப் கணக்கில் நிற்கிறது.

ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்து, பெயர் போயும் திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' கொடுங்கள். 'டெலீட்டட்' என்று முடியும் வரியில் பிஐடி (ப்ரோகிராமின் எண்), எஃப்டி (அது திறந்திருக்கும் ஃபைலின் எண்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிஐடி 1423, எஃப்டி '4டபிள்யூ' என்று வந்தால் அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலே 40 ஜிபியும் திரும்பிவிடும். பில் போடுகிற நேரத்தில் நிறுத்த முடியாதென்றால் 'ட்ரன்கேட் -எஸ் 0 /ப்ராக்/1423/எஃப்டி/4' போதும். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். தவறினால் டேட்டாபேஸ் ஃபைலே காலியாகிவிடும்.

இனிமேல் லாக்கை அழிக்காதீர்கள், காலி செய்யுங்கள்: ஃபைலின் பெயர்மேலேயே 'ட்ரன்கேட் -எஸ் 0'. காலி செய்த பிறகும் 'எல்எஸ்' 40 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். ப்ரோகிராம் 'அப்பெண்ட்' (எப்போதும் கடைசியில் சேர்க்கும்) முறையில் திறக்காமல் பழைய இடத்திலிருந்தே எழுதுகிறது என்று பொருள். முன்பகுதி வெறும் ஓட்டை, டிஸ்கில் இடம் பிடிக்காது.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): லாக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழையதை நீக்கும் லாக்ரொட்டேட்டில் 'சைஸ் 100எம்' (100 எம்பி தாண்டினால் பிரி), 'ரொட்டேட் 14' (பழைய துண்டு 14 வை) என்று வைத்தும் ஒரே நாளில் லாக் 6 ஜிபி ஆகிறதே?

பதில்: லாக்ரொட்டேட் எப்போதும் விழித்திருக்கும் சர்வீஸ் அல்ல. பெரும்பாலான சர்வர்களில் நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். சைஸையும் அப்போதுதான் பார்க்கும். இந்த லாக்கின் செட்டிங்கை 'லாக்ரொட்டேட்.டி' ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்து, தனி ஸ்டேட்டஸ் ஃபைலோடு க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சேவை) சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடவிடுங்கள்.

ஆனால் உடனே இன்னொரு சிக்கல் வரும். நாளுக்கு 6 ஜிபி என்றால் 100 எம்பி துண்டுகள் சுமார் 60. 'ரொட்டேட் 14' வைத்தால் கையில் மிஞ்சுவது ஆறு மணி நேரத்து லாக்கூட இல்லை! காலையில் நடந்த தவறை மாலையில் தேட முடியாது. அதனால் முதலில் ஏன் 6 ஜிபி என்று பாருங்கள். பெரும்பாலும் யாரோ சோதனைக்குப் போட்ட, எல்லா விவரத்தையும் எழுதும் 'டீபக்' நிலை அப்படியே இருக்கும், 'இன்ஃபோ'வுக்கு இறக்குங்கள்.

'போஸ்ட்ரொட்டேட்'டில் (பிரித்த பிறகு ஓடும் பகுதி) புதிய ஃபைலைத் திறக்கச் சொல்லும் சிக்னல் கொடுப்பதை விட்டுவிடாதீர்கள். லாக் சேகரிக்கும் ஆர்சிஸ்லாக்குக்கு 'ஹப்', வெப் சர்வரான என்ஜினெக்ஸுக்கு 'யுஎஸ்ஆர்1'. இல்லையென்றால் ப்ரோகிராம் பெயர் மாறிய பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். சிக்னலை ஏற்காத ப்ரோகிராமுக்கு மட்டும் 'காப்பிட்ரன்கேட்'. அதிலும் நகலெடுத்துக் காலி செய்யும் இடைவெளியில் சில வரிகள் தொலையும்; நகலுக்கு அதே அளவு காலி இடமும் வேண்டும். புதிய செட்டிங்கை 'லாக்ரொட்டேட் -டி' கொடுத்துப் பாருங்கள். எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும்.

கேள்வி (ஆரணி வாசகர்): சிஸ்டத்தின் சொந்த லாக்கான ஜர்னல் மட்டும் 4 ஜிபி. குறைக்கலாமா?

பதில்: தாராளமாக. டிஸ்கில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்பது அதன் இயல்பு. 'ஜர்னல்டி.கான்ஃப்' ஃபைலில் 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=500எம்' என்று எழுதி ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கையால் குறைப்பதானால் முதலில் 'ஜர்னல்சிடிஎல் --ரொட்டேட்', பிறகு '--வேக்யூம்-சைஸ்=500எம்'. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை வேக்யூம் தொடாது.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): கரண்ட் போய் வந்தால் லாக்கில் தேதி பல வருடம் பின்னால் போகிறது. லாக்கை எத்தனை நாள் வைக்க வேண்டும்?

பதில்: மதர்போர்டிலுள்ள நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட், 2.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனியையும் போட்டு, பில்லிங் சர்வீஸ் தொடங்கும் முன் 'க்ரோனிசி வெய்ட்சிங்க்' ஓடும்படி வையுங்கள். நேரம் சரியாகும் வரை பில் எழுதாது.

கம்பெனிகளும் அரசு அமைப்புகளும் லாக்கை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்பது இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு. கடிகாரத்தை என்டிபியோடு (நெட்வொர்க் வழி நேரச் சேவை) பொருத்தி வைக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. அதே டிஸ்கில் வைத்தால் டிஸ்க் போகும்போது லாக்கும் போகும். ஆர்சிஸ்லாக்கில் இன்னொரு மெஷினின் முகவரிக்கு முன் '@@' போட்டால் டிசிபி வழியாக நகல் போகும். ஒற்றை '@' யுடிபி, வழியில் தொலைந்தால் தெரியாது.