உதவி செய்யப் போன இடத்தில் விருந்து உண்ணலாமா? தஜிகிஸ்தானில் என் ஒரு கோடை

உதவிப் பணிக்காக ஏழை நாடுகளுக்குச் செல்கிறவர்கள், தங்களைவிடக் குறைவாக வைத்திருப்பவர்களின் வீட்டில் உண்டு உறங்குவதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள், விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற தஜிக் மக்களிடம் அதை மறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் அதை எப்படி ஏற்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடை முழுவதும் தேவைப்பட்டது. அதை எழுதுகிறேன்.

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரன், குடிநீர்ப் பொறியாளன். 2016 ஜூன் முதல் செப்டம்பர் இறுதி வரை, ஒரு பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்துக்காகத் தஜிகிஸ்தானின் கிழக்கே உள்ள மலை பதக்ஷான் பகுதியில், பார்த்தாங் பள்ளத்தாக்கில் வேலை செய்தேன். அதற்கு முந்தைய டிசம்பர் 7 அன்று, சாரெஸ் ஏரிக்கு அருகே 7.2 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் அந்தப் பள்ளத்தாக்கை உலுக்கியிருந்தது. வீடுகள் இடிந்ததோடு, நான் போன கிராமத்தில் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த பழைய குழாயும் பாறைச் சரிவில் நசுங்கிப் போயிருந்தது. மறுபடி பனி விழுவதற்குள் அங்கே தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்கள் குழுவின் பொறுப்பு. அந்த உயரத்தில் கோடை என்றால் நான்கு மாதங்கள்தாம். கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைவித்து, புல் அறுத்து, விறகும் வரட்டியும் சேர்த்து, இடிந்த சுவரை எழுப்பி, எட்டு மாதக் குளிருக்கு வேண்டியதையெல்லாம் அதற்குள் தேடிவைத்தாக வேண்டும். அப்படிப்பட்ட நாள்களில் ஒரு வெளியூர்க்காரனுக்குப் பாய் விரித்துச் சோறு போடுவது எவ்வளவு பெரிய செலவு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைநகர் துஷான்பேயிலிருந்து பயணம் இரண்டு நாள் பிடித்தது. வழியில் கலைகும்பில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து பாஞ்ச் ஆற்றை ஒட்டியே போக வேண்டும். ஆற்றின் மறுகரை ஆப்கானிஸ்தான். சில இடங்களில் எதிர்க்கரைச் சிறுவர்களின் குரல்கூடக் கேட்கும் அளவுக்கு ஆறு ஒடுங்கிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷாரும் தங்களுக்குள் பேசி இந்த ஆற்றை எல்லையாக்கியதால், ஒரே மொழி பேசிய ஊர்கள் இரண்டு நாடுகளாகிவிட்டன. எங்கள் ஓட்டுநர் வழி நெடுக மறுகரை ஊர்களின் பெயர்களையும் சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய பாட்டியின் பிறந்த ஊர் அங்கேதான் இருந்தது, அவர் ஒருமுறைகூட அங்கு போனதில்லை. ருஷானில் பிரிந்து பார்த்தாங் பாதையில் ஏறினால் சாலை ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஜூலை மாதப் பிற்பகல்களில் பனி உருகிப் பெருகும் ஓடைகள் சாலையை அடித்துக்கொண்டு போகும் என்பதால், ஓட்டுநர்கள் விடியற்காலையிலேயே அவற்றைக் கடந்துவிடப் பார்க்கிறார்கள்.

பார்த்தாங் ஆற்றின் தலைமாட்டில்தான் சாரெஸ் ஏரி இருக்கிறது. 1911இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஒரு மலையின் பக்கமே சரிந்து உசோய் என்ற கிராமத்தைப் புதைத்து, ஆற்றை 550 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு மறித்துவிட்டது. அதன் பின்னால் தேங்கிய நீரில் சாரெஸ் கிராமம் மூழ்கியது. ஏரிக்கு அதன் பெயர் மட்டும் நிலைத்தது. அந்த அணை என்றைக்காவது உடைந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தோடு கீழேயுள்ள ஊர்கள் வாழ்கின்றன. எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று நான் தங்கிய ஊரின் ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். போன முதல் நாளே அந்த மேட்டை எனக்குக் காட்டிவிட்டுத்தான் தேநீருக்கு உட்கார வைத்தார்கள்.

எனக்கு இடம் கொடுத்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. எல்லோரையும் போல நானும் அவரை ‘பீபீ’, அதாவது பாட்டி என்றே அழைத்தேன். பாமிர் வீட்டில் ஐந்து மரத்தூண்கள் உண்டு. இஸ்மாயிலி முஸ்லிம்களான அந்த மக்கள் அவற்றை நபிகள், அலி, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் ஆகியோரின் பெயர்களால் குறிக்கிறார்கள். கூரையின் நடுவே ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சதுரங்களாய் அடுக்கிய மரச்சட்டத்தின் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. நிலநடுக்கத்தில் பீபீயின் வீட்டுச் சுவர்கள் இரண்டு விழுந்தன, தூண்கள் நின்றன. அந்தத் தூண்களைச் சுற்றித்தான் புதிய சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

நான் செய்த பெரிய தவறு அந்த வீட்டில்தான் நடந்தது. இழப்பில் இருக்கும் குடும்பத்தின் மேல் பாரமாக விழக் கூடாது என்று எண்ணி, பத்து நாளுக்கு வேண்டிய டப்பா உணவும் பிஸ்கட்டும் கையோடு கொண்டுபோயிருந்தேன். முதல் மூன்று நாள்கள் சிறிய அடுப்பு ஒன்றை வெளியே வைத்து நானே சமைத்துக்கொண்டேன். தரையில் விரித்த தஸ்தர்கான் துணியில் ரொட்டியும், பாலும் உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரான ஷிர்சாயும் எனக்காகக் காத்திருந்தபோது, நன்றி சொல்லி, நெஞ்சில் கை வைத்து, ஒரு வாய் தேநீரோடு எழுந்துவிட்டேன். பீபீ என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பள்ளி ஆசிரியரிடம் மூன்றாம் நாள் மாலை கேட்டிருக்கிறார்: “எங்கள் ரொட்டியில் அவருக்கு என்ன குறை?” ஆசிரியர் அதை எனக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. விருந்தாளி கடவுள் தந்த கொடை என்பது தஜிக் மொழியில் எல்லோர் வாயிலும் வழங்கும் சொல். அந்தக் கொடை வீட்டுக்குள் வந்து, வாசலில் தனியாக அடுப்பு மூட்டினால் ஊர் என்ன நினைக்கும்? அந்த வீட்டில் ஒன்றுமே மிச்சமில்லை என்றுதான் நினைக்கும். பாரம் குறைப்பதாக எண்ணிக்கொண்டு நான் அவரை ஊரார் முன் ஏழையாக்கியிருந்தேன். மறுநாள் காலை ரொட்டியைப் பிய்த்து ஷிர்சாயில் போட்டுச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து செப்டம்பர் வரை அந்த வீட்டில்தான் உண்டேன்.

இதன் வேர் எவ்வளவு ஆழமானது என்று பின்னர் ஒரு பெரியவர் சொல்லித்தான் விளங்கியது. சோவியத் காலத்தில் பதக்ஷானுக்கு மாவும் நிலக்கரியும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தன. 1991இல் ஒன்றியம் உடைந்தது. 1992இல் உள்நாட்டுப் போர் மூண்டு, 1997 வரை நீடித்தது. சாலைகள் அடைபட்டு மலைமேல் பஞ்சம் வந்தபோது, 1993 முதல் இஸ்மாயிலிகளின் சமயத் தலைவரான ஆகா கானின் அறக்கட்டளை லாரிகளில் கொண்டுவந்த உணவே அந்தப் பகுதியைக் காப்பாற்றியது. அதன் பிறகு கூட்டுப்பண்ணை நிலங்கள் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட, மக்கள் தாங்களே கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைவிக்கத் தொடங்கினர். பெரியவர் சொன்னார்: “வரிசையில் நின்று, தலைக்கு இவ்வளவு என்று மாவு வாங்கியவன் நான். கொடுத்தவர்களை மறக்க மாட்டேன். இன்று உங்கள் முன்னால் இருப்பது என் வயலில் விளைந்தது. நீங்கள் அதைத் தின்றால்தான் அந்த ஆண்டுகள் முடிந்துவிட்டன என்று எனக்குத் தோன்றும்.” நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எங்கும் கேட்டதில்லை.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கேயும் இதே பாடம்தான் வேறு வடிவில் வந்தது. ஊற்று ஊரைவிட ஏறக்குறைய 180 மீட்டர் உயரத்தில் இருந்தது. தண்ணீர் தானாகவே இறங்கிவிடும். ஆனால் அவ்வளவு உயரத்தின் அழுத்தத்தைக் குழாய் தாங்காது என்பதால் இடையில் இரண்டு தொட்டிகள் கட்டி அழுத்தத்தை முறிக்க வேண்டும். வண்டி போகும் இடத்துக்கு அப்பால் குழாய்ச் சுருள்களைக் கழுதைகள் சுமந்தன. பள்ளம் தோண்டியது ‘ஹஷர்’ என்ற முறையில். வீட்டுக்கு ஒருவர் கூலியின்றி வந்து ஊர் வேலையைச் செய்யும் பழக்கம் அது. எங்கள் பக்கத்துக் குடிமராமத்தை எனக்கு அது நினைவூட்டியது. யார் எங்கே தோண்டுவது என்பதைப் பிரித்துக் கொடுத்தவர் ‘மீராப்’. வாய்க்காலில் எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறை வைப்பவர் அவர்தான். எங்கள் கண்மாய்களின் நீர்பாய்ச்சியைப் போல. அவருடைய சொல்லுக்கு ஊரில் மறுப்பு எழுந்ததை நான் பார்க்கவில்லை.

குழாயை எங்கும் 1.2 மீட்டர் ஆழத்தில் புதைப்பது என்று என் வரைபடம் சொன்னது. மீராப் அதைப் பார்த்துவிட்டு, வயலில் இது போதும், நடைபாதைக்கு அடியில் போதாது என்றார். வயலில் குளிர்காலம் முழுவதும் தளர்ந்த பனி போர்வை போலக் கிடந்து மண்ணைக் காக்கும். மனிதரும் மாடும் மிதிக்கும் பாதையில் அந்தப் போர்வை இறுகிவிடுவதால் உறைவு மிகவும் ஆழமாக இறங்கும். பாடப்புத்தகத்தில் நான் படித்த விஷயம்தான் அது, ஆனால் அந்த ஊரில் பனிக்காலப் பாதை எது என்று எனக்குத் தெரியாது. கோடையில் அது வெறும் புல்வெளியாக இருந்தது. அவர் நடந்து காட்டிய 300 மீட்டர் தொலைவுக்கு ஆழத்தை 1.7 மீட்டராக்கினோம். அந்த ஒரு வாரக் கூடுதல் தோண்டலையும் ஊர்தான் செய்தது.

ஹஷருக்கு வந்தவர்களைப் பார்த்தால் நாட்டின் நிலை தெரியும். பெண்கள், முதியவர்கள், பள்ளி மாணவர்கள். நடுவயது ஆண்களில் பெரும்பாலோர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார்கள். சில ஆண்டுகளில் தஜிகிஸ்தானின் மொத்த உற்பத்தியில் பாதியை நெருங்கும் அளவுக்கு அவர்கள் அனுப்பும் பணம் இருந்திருக்கிறது. 2014க்குப் பிறகு ரூபிளின் மதிப்பு சரிந்தபோது அந்தப் பணமும் சுருங்கியது. பீபீயின் மகனும் மாஸ்கோவில்தான் இருந்தார். புதிய சுவருக்கான சிமெண்டு அவருடைய சம்பளம். சுவரை எழுப்பியது மருமகளின் கை. பகலில் பள்ளம் தோண்டிவிட்டு, மாலையில் பால் கறந்து, இரவில் ரொட்டி சுட்ட அந்தப் பெண் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அது யாருடைய உழைப்பு என்பதையும் எழுத வேண்டும்.

மொழி பற்றிச் சில வரிகள். பள்ளியிலும் அலுவலகத்திலும் தஜிக் மொழி. அது சிரில்லிக் எழுத்தில் எழுதப்படும் பாரசீகம். வீட்டிலோ பார்த்தாங்கி என்ற தனி மொழி பேசுகிறார்கள். தஜிக் மொழியைக் கற்கத் தொடங்கியபோது, தமிழுக்குள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் சொற்கள் பல அங்கே எதிரே வந்து நின்றன: ‘தய்யோர்’ என்றால் தயார், ‘மைதோன்’ என்றால் மைதானம், ‘போசோர்’ என்றால் பஜார். நம் நீதிமன்றத்தில் ஒலிக்கும் ஆஜர்கூட அங்கே ‘ஹோசிர்’ என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போய், தினமும் மாலையில் ஒரு சொல் கொண்டுவந்து, இது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

விடுப்பு நாள்களில் ஹொரோக் நகரத்துக்கும், ஒருமுறை வாகான் பள்ளத்தாக்குப் பக்கமும் போய்வந்தேன். யம்சுன் கோட்டையின் இடிந்த மதிலிலிருந்து, ஆற்றுக்கு அப்பால் இந்துகுஷ் மலை தெரிந்த காலை நேரம் மறக்கக்கூடியதன்று. ஆனாலும் திரும்பி வரும் வழியில், ஊரில் புல் அறுப்பு முடிந்திருக்குமா என்பதே என் கவலையாக இருந்தது.

சரி, ஏற்றுக்கொண்டதற்கு என்ன திருப்பிச் செய்வது? பீபீயின் கையில் பணம் கொடுக்க ஒருமுறை முயன்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பிறகு ஆசிரியரின் யோசனைப்படி, தங்கும் செலவுக்காக நிறுவனம் தந்த தொகையைக் கிராம அமைப்பின் வழியாக வீட்டுக்குச் சேர்த்தோம். நகரத்திலிருந்து திரும்பும்போது மாவு மூட்டை கொண்டுபோகக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். மாவு மூட்டை நிவாரணம். அந்த ஊருக்கு அதன் நினைவு உண்டு. தேயிலை, சர்க்கரை, மிட்டாய் கொண்டுபோனால் அது விருந்தாளி கொண்டுவரும் கைப்பொருள். மாலை வேளைகளில் புல்கட்டு சுமந்தேன். கூரைமேல் காயவைத்த ஆப்ரிகாட் பழங்களை மழைக்கு முன் அள்ளி இறக்கினேன். மருமகளின் அரை மணி நேர வேலையாவது அதனால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இன்றைக்கு அங்கே போகிறவருக்கு நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: போடுவதை உண்ணுங்கள், இரண்டாம் முறை வற்புறுத்தும் வரை பொறுக்காதீர்கள், அந்த வீட்டுப் பெண்ணின் வேலையில் எதை உங்கள் கையில் எடுத்துக்கொள்ள முடியும் என்று பாருங்கள்.

செப்டம்பர் 20ஆம் தேதிவாக்கில் பீபீயின் வாசல் குழாயில் தண்ணீர் வந்தது. அதற்கு முன் மருமகள் நாளுக்கு ஐந்து முறை ஆற்றுக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். அவர் தம் கைப்பேசியைக் குழாய்க்கு அருகே வைத்து, வாளி நிரம்பும் வரை படம் பிடித்தார். பிறகு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப்போய் அதை மாஸ்கோவுக்கு அனுப்பிவிட்டு, கணவரின் பதில் வரும் வரை இருட்டும் குளிருமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்ததும் பீபீயிடம் ஏதோ சொன்னார். ஆசிரியர் மொழிபெயர்த்தார்: “சத்தம் கேட்கிறதாம்.”