மன்னார்குடியிலிருந்து அணு மருத்துவம்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த தங்கள் மகள் அணு மருத்துவத் தொழில்நுட்பம் (கதிர் வீசும் மருந்தை உடலில் செலுத்தி நோயைப் படம்பிடிக்கும் துறை) படிக்க விரும்புவதையும், ‘கதிர்வீச்சில் வேலை பார்த்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்’ என்று அவளுடைய அப்பாயி கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். அது சிரித்து ஒதுக்க வேண்டிய கேள்வி அல்ல. எண்களை வைத்தே பதில் சொல்லலாம்.

கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டுக்கு (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேலும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லி சீவர்ட்டுக்கு மேலும் பெறக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு விதித்திருக்கிறது. அவர் மார்பில் அணியும், பட்ட கதிரைப் பதிந்துவைக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கப்பட்டு, அளவு அவர் பெயரில் பதிவாகிறது. கருவுற்றிருப்பதை ஒரு பெண் தெரிவித்துவிட்டால், மீதி மாதங்களில் கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லி சீவர்ட்டைத் தாண்டாதபடி அவளுடைய வேலையை மாற்றித்தர வேண்டும். விதிப்படி நடக்கும் இடத்தில் இந்த வேலை தாய்மைக்குத் தடையில்லை என்று அப்பாயியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

வேலை எப்படிப்பட்டது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்ரே அறையில் சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும்; இங்கே மருந்தே கதிரை வீசுகிறது, ஊசி போட்ட பின் நோயாளியும் வீசுகிறார். ஆகவே, பழகிய தொழில்நுட்பர் நோயாளியிடம் கேட்க வேண்டியதையும் சொல்ல வேண்டியதையும் ஊசிக்கு முன்பே பேசி முடித்துவிட்டு, பிறகு தள்ளி நிற்பார். தூரம் இரு மடங்கானால் கதிர் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். காலையில் முதல் வேலை, ஈயக் கவசத்துக்குள் இருக்கும் மாலிப்டினம் ஜெனரேட்டரில் உப்புநீரைச் செலுத்தி, ஸ்கேன் மருந்துக்கான கதிர்ப்பொருளாகிய டெக்னீசியத்தைப் பிரித்தெடுப்பது. துறைக்காரர்கள் அந்தக் கருவியைப் பசு என்றும் அந்த வேலையைப் பால் கறப்பது என்றுமே சொல்வார்கள். கறந்த டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால், ஏழு மணிக்கு அளந்து வைத்ததை ஒரு மணிக்கு வரும் நோயாளிக்கு அப்படியே செலுத்த முடியாது. கணக்கில் அவசரமும் கையில் நிதானமும் ஒருசேர வராதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கான பி.எஸ்ஸி. படிப்பு இருக்கிறது, இடங்கள் மிகக் குறைவு. பி.எஸ்ஸி. இயற்பியல் போன்ற பட்டம் பெற்ற பின் முதுநிலை டிப்ளமோ வழியாகவும் வரலாம். பெயரை மட்டும் நம்பிச் சேர்ந்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு மாணவர் சேர்ந்திருந்த கல்லூரியில், நோயாளியின் உடலிலிருந்து வரும் கதிரைப் படமாக்கும் காமா கேமரா இருக்கும் மருத்துவமனைத் தொடர்பே இல்லை. மூன்றாம் ஆண்டு வரை படத்தில்தான் பார்த்தார். அந்தப் பட்டம் வாரியத்தின் தகுதி விதிக்குள் வருகிறதா, பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே நாளொன்றுக்கு எத்தனை ஸ்கேன் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சைவிட நான் கவலைப்படுவது ஊரைப் பற்றித்தான். பெட் ஸ்கேன் என்னும் இன்னொரு வகைப் படத்துக்கான ஃபுளோரின் மருந்து, சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கி இயந்திரத்தில் தயாராகி, 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வருகிறது. சென்னையில் ஏற்றினால் ஆறு மணி நேரம் கழித்துத் தஞ்சாவூரில் இறங்கும்போது பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்படி வந்து சேரும் என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதனாலும், கருவிகளின் விலையாலும், இந்த வேலைகள் சென்னை, வேலூர், கோவை போன்ற பெரிய ஊர்களிலேயே மிகுதி. மகள் வீட்டோடு இருந்தே வேலைக்குப் போக வேண்டும் என்பது தங்கள் விருப்பமானால், திருவாரூரிலும் கும்பகோணத்திலும் இடம் கிடைக்கக்கூடிய ரேடியோகிராபியையும் ஆய்வக நுட்பத்தையும் அவளோடு சேர்ந்து பாருங்கள். வெளியூருக்கு அனுப்பச் சம்மதமானால், அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத் தேதிகளை அவளோடு பேசிக்கொள்கிறேன்.