பனி குறைஞ்சும் ஆத்துல வெள்ளம் ஏன்?
நண்பா, பனி முன்ன மாதிரி விழல, ஆனா வழக்கத்துக்கு முன்னாடியே ஆறு வீட்டு வாசலுக்கு வந்துடுச்சுன்னு கேட்டிருக்கீங்க. பனி குறைஞ்சா உருகி வர்ற தண்ணி பல இடத்துல குறையும், அது சரிதான், ஆனா 1 டிகிரி சூடு ஏறினா காத்து சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தை பிடிச்சு வைக்கும், அது பனியா விழாம மழையா, அதுவும் ஏற்கனவே கிடக்கிற பனி மேலயே கொட்டினா ரெண்டு தண்ணியும் ஒண்ணா ஆத்துக்கு வந்துடும். அடியில மண்ணு உறைஞ்சிருந்தா உறிஞ்சவும் உறிஞ்சாது (சிமென்ட் தரைன்னே வச்சுக்கோங்க). வடகிழக்கு ஐரோப்பாவுல 1960லேர்ந்து 2010 வரைக்கும் பதிவுகளை பார்த்தாலே வெள்ளம் முன்கூட்டி வர ஆரம்பிச்சது தெரியுது. அதனால பழைய தேதியை நம்பாதீங்க, பனி கிடக்கும்போது மழைன்னு முன்னறிவிப்பு வந்தாலே சாமானை மேல ஏத்திடுங்க.